பை சார்ட் டேட்டா சஃபிஷியன்சி: முழுக் கணக்கா, தேவையைப் பார்த்தால் போதுமா?

ஒரு பை சார்ட் (மொத்தத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் வட்டப் படம்), அதன் கீழே இரண்டு கூற்றுகள், 'விடை காண எது போதும்?' என்று ஒரு கேள்வி. இந்த டேட்டா சஃபிஷியன்சி கணக்கை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, ஒவ்வொரு கூற்றையும் எடுத்து விடை வரும் வரை கணக்கைப் போட்டுப் பார்ப்பது. இன்னொன்று, விடைக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று முதலிலேயே குறித்துக்கொண்டு, கூற்றுகள் அதைத் தருகின்றனவா என்று மட்டும் பார்ப்பது. வங்கித் தேர்வுக்குப் படித்தபோது முதல் வழியிலிருந்து இரண்டாவதுக்கு மாறினேன். இன்றும் யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

முழுக் கணக்கு நேரத்தைத் தின்னும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வட்டத்தின் 360 டிகிரி 100 சதவீதம் என்பதால், 54 டிகிரித் துண்டை 3.6ஆல் வகுத்து 15 சதவீதம் என்று எழுதுவதிலேயே சில நொடி போய்விடும். கேட்டது 'போதுமா' என்று மட்டும்தான். எவ்வளவு என்று கண்டுபிடித்தாலும் அதற்குத் தனி மார்க் கிடையாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பத்தின் மாதச் செலவு பை சார்ட்டில் இருக்கிறது. உணவு 30 சதவீதம், வாடகை 25, கல்வி 20. மருத்துவம், இதர செலவு என்ற இரண்டு துண்டுகளுக்கு மட்டும் எண் இல்லை. கேள்வி: மருத்துவச் செலவு எத்தனை ரூபாய்?

கூற்று 1: இதர செலவு, வாடகையில் ஐந்தில் மூன்று பங்கு.
கூற்று 2: உணவுச் செலவு, கல்விச் செலவைவிட 3,000 ரூபாய் அதிகம்.

ரூபாயில் விடை வேண்டுமென்றால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: மருத்துவத்தின் பங்கு, மொத்தச் செலவு. எல்லாத் துண்டுகளும் சேர்ந்து 100 என்பதைப் படமே சொல்லிவிடுவதால், இதர செலவின் பங்கு கிடைத்தால் மருத்துவத்தின் பங்கும் கிடைத்துவிடும். கூற்று 1 அதைத் தருகிறது. கூற்று 2இல் 10 சதவீதம் எத்தனை ரூபாய் என்று தெரிகிறது, அதனால் மொத்தமும் தெரியும். தனித்தனியாகப் போதாது, சேர்ந்தால் போதும். அவ்வளவுதான், பேனாவை எடுக்கவே வேண்டாம். முழுக் கணக்குக்காரர் 15 சதவீதம், 10 சதவீதம், மொத்தம் 30,000, விடை 3,000 என்று நான்கு படி ஏறி அதே இடத்துக்கு வருவார்.

என் பார்வையில் இந்தக் கணக்குகளில் எல்லாமே மொத்தத்தில்தான் இருக்கிறது. பை சார்ட் பங்கைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. கேள்வி விகிதத்தையோ சதவீதத்தையோ கேட்டால் மொத்தம் வேண்டாம். ரூபாயோ ஆட்களோ கேட்டால் ஏதாவது ஒரு துண்டின் உண்மையான அளவாவது வேண்டும். கூற்றுகளைப் படிப்பதற்கு முன்பே இதைத் தீர்மானித்துவிட்டால் 'கூற்று 1 மட்டும் போதும்', 'இரண்டும் சேர்ந்தால் போதும்' போன்ற ஆப்ஷன்களில் பாதி தானாகக் கழன்றுவிடும்.

2022க்கு ஒன்று, 2023க்கு ஒன்று என்று இரண்டு பை சார்ட் வந்தால் இது இன்னும் முக்கியம். கல்வி 20 சதவீதத்திலிருந்து 25 ஆகியிருக்கிறது. கல்விச் செலவு எத்தனை சதவீதம் உயர்ந்தது என்கிறார்கள். இரண்டு ஆண்டின் மொத்தமும் தேவை என்று பலர் நினைத்துவிடுவார்கள். மொத்தச் செலவு 20 சதவீதம் கூடியது என்ற ஒரு வரி போதும். ஒரு ரூபாய்கூடத் தெரியாமலே உயர்வு 50 சதவீதம் என்று வந்துவிடும்.

ஆனால் இரண்டாவது வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. முதல் கணக்கிலேயே கூற்றுகளை இப்படி மாற்றிப் பாருங்கள். கூற்று 1: மருத்துவமும் இதரவும் சேர்ந்து 7,500 ரூபாய். கூற்று 2: உணவு 9,000 ரூபாய். தேவை இரண்டு, கூற்றும் இரண்டு, ஆகவே சேர்த்தால் போதும் என்று கை போய்விடும். ஆனால் 25 சதவீதம் 7,500 என்றாலும், 30 சதவீதம் 9,000 என்றாலும் மொத்தம் 30,000 என்ற ஒரே செய்திதான். மருத்துவத்தின் பங்கு கடைசிவரை தெரியாது. சேர்த்தாலும் போதாது. முழுக் கணக்குப் போடுகிறவர் இதில் மாட்ட மாட்டார். அந்த வழிக்கு உண்மையான பலம் இதுதான். அதனால் கூற்றுகளை எண்ணாதீர்கள், ஒவ்வொன்றும் எந்தத் தேவையை நிரப்புகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். 'மொத்தம்' என்று இரண்டு முறை எழுத நேர்ந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

நான் சொல்வது வங்கித் தேர்வு அனுபவத்தை வைத்து. அங்கே தவறான விடைக்குக் கால் பங்கு மார்க் போகும், கால்குலேட்டரும் கிடையாது. எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளில் சேர எழுதும் ஜிமேட் தேர்வில் இப்போது டேட்டா சஃபிஷியன்சி, டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் வருகிறது. 45 நிமிடத்தில் 20 கேள்விகள், திரையில் கால்குலேட்டர் உண்டு. அந்தத் தேர்வை நான் எழுதியதில்லை. கால்குலேட்டர் இருந்தால் முழுக் கணக்கின் சுமை கொஞ்சம் குறையலாம், ஆனால் ஒரு கேள்விக்குச் சராசரியாக இரண்டே கால் நிமிடம்தான் என்பதால் அங்கேயும் தேவையைப் பார்க்கும் வழிக்கே என் ஓட்டு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் சில வாரம் இரண்டையும் செய்யுங்கள். தேவையைக் குறித்து விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வீட்டில் ஆற அமர முழுக் கணக்கும் போட்டுச் சரிபாருங்கள். இரண்டும் தொடர்ந்து ஒத்துப்போகத் தொடங்கியதும் சரிபார்ப்பை விட்டுவிடலாம்.