செப்டிக் டேங்க்: கட்டுவதா, ரெடிமேடா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் புறவாசலில் இருந்த பழைய செங்கல் தொட்டி, 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒழுக ஆரம்பித்தது. பக்கத்திலேயே கிணறு, அதனால் தள்ளிப்போட வழியில்லை. மறுபடி செங்கல், சிமெண்ட் உறை (வளையங்களை அடுக்கி இறக்குவது), ரெடிமேட் பிளாஸ்டிக் என மூன்றையும் விசாரித்துவிட்டு, பிளாஸ்டிக் டேங்கைக் கிணற்றிலிருந்து தள்ளி வேறு மூலையில் புதைத்தோம். இன்னொரு முறை என்றாலும் அதைத்தான் வைப்பேன்.

உறை மலிவு. ஆனால் அடியில் கான்கிரீட் போடாமல் இறக்குவதுதான் வழக்கம், கிணறு உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். செங்கல் நம் கொத்தனார்களுக்குக் கைவந்த வேலை, கனமாக சிலாப் போட்டால் மேலே கார்கூட நிறுத்தலாம், பிளாஸ்டிக்கில் அது முடியாது.

என்னை முடிவெடுக்க வைத்தது கசடுதான். எதை வைத்தாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடிக்கசடை உறிஞ்சி எடுத்தாக வேண்டும். பழைய தொட்டியில் லாரிக்காரர் தண்ணீரை இழுத்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன்: நாலு மூலையிலும் ஒரு சாண் உயரத்துக்குக் கசடு களிமண்ணாக இறுகிக் கிடந்தது, ஹோஸ் வாயில் ஏறவே இல்லை. "ஆள் இறங்கி வெட்டினாத்தான் வரும் அண்ணாச்சி, கூப்பிடட்டா?" என்றார். கூடவே கூடாது என்றேன். கழிவுத் தொட்டியில் ஆளை இறக்குவதை 2013 சட்டம் தடுக்கிறது என்பது ஒரு பக்கம், உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு ஆளை வெளியே வரவிடாது. மோட்டார் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து, இரண்டாவது லோடில்தான் எடுத்தோம். நாங்கள் வைத்த பிளாஸ்டிக் டேங்க் உருளை, அதில் மூலையே கிடையாது, கசடு நடுவில் சரிந்து நிற்கும், ஹோஸ் நேராகப் போய்விடும். யாரையும் உள்ளே இறக்கும் பேச்சே எழாது.

வைக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். குழியில் கான்கிரீட் தளம் போட்டு, டேங்கை இறக்கி, உள்ளே ஒரு அடி தண்ணீர் விட்டால் வெளியே ஒரு அடி மணல் என்று சேர்ந்தே ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பக்கவாட்டு அழுத்தத்தில் நெளியும். காலியாக விட்டால் மழைக்கு நிலத்தடி நீர் ஏறும்போது படகு மாதிரி மிதந்து வரும், அதனால் ஒவ்வொரு முறை உறிஞ்சிய பிறகும் உடனே தண்ணீர் நிரப்புங்கள்.

அசிங்கமில்லாமல் மாற்ற, புது டேங்கும், அதிலிருந்து வழியும் தண்ணீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சு குழியும் முழுக்க முடியும்வரை பழையதையே ஓடவிட்டோம். கடைசி நாள் பத்து மணிக்கு வீட்டில் எல்லோரையும் கக்கூஸ் பக்கம் போகாமல் நிறுத்தி, லாரி காலி செய்ததும் பைப்பை அறுத்து, குழாயில் நின்றதை டப்பில் பிடித்து, மதியம் ஒரு மணிக்குள் இணைத்தாகிவிட்டது. அப்புறம் பழைய தொட்டியில் சுண்ணாம்பைத் தூவி, இடிசலும் மணலும் போட்டு மூடினோம்.

எங்கள் டேங்க் வைத்து அதிக காலம் ஆகவில்லை, இருபது வருடம் தாங்குமா என்பதற்கு என்னிடம் அனுபவம் கிடையாது. செங்கல் தாங்கும், பார்த்திருக்கிறேன். கார் ஏறும் இடமாக இருந்தால் செங்கலே கட்டுங்கள், ஆனால் மூலைகளை வளைத்துப் பூசச் சொல்லி, தொட்டிக்குள் தடுத்துக் கட்டும் ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி வைக்கச் சொல்லுங்கள்.