எக்ஸ்பெர்ட் அல்ட்ரா கார்ட்ரிட்ஜ்: முதுகுத் தண்ணீரில் எவ்வளவு தூரம் நம்பலாம்?

தென் மாவட்டம் ஒன்றில், மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீசியனாக இருக்கிறேன். எக்ஸ்பெர்ட் அல்ட்ரா என்பது, மாதிரியில் டிபி (காசநோய்) கிருமி இருக்கிறதா என்று இயந்திரத்தில் வைத்துப் பார்க்கும் கார்ட்ரிட்ஜ். சளி மாதிரிக்கு இந்த கார்ட்ரிட்ஜ் எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். மூளைக்காய்ச்சல் என்று சேர்க்கப்பட்டவர்களின் முதுகிலிருந்து எடுத்து வரும் தண்ணீரில் (மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீர்) இது எப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மூளை டிபியில், அதாவது மூளை உறையைத் தாக்கும் காசநோயில், இந்தத் தண்ணீரில் கிருமிகள் மிகக் குறைவு. சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் எவ்வளவு நேரம் தேடினாலும் பெரும்பாலும் ஒன்றும் கண்ணில் படாது. கல்ச்சர் போட்டால், வளரவில்லை என்று சொல்லவே 42 நாள் ஆகும். அந்த நோயாளிக்கு அவ்வளவு நாள் கிடையாது. முந்தைய கார்ட்ரிட்ஜ் கண்டுபிடிக்க ஒரு மில்லியில் நூற்றுக்கும் மேல் கிருமி இருக்க வேண்டும். அல்ட்ராவுக்கு 16 போதும். ஒன்றரை மணி நேரத்தில் விடை வந்துவிடும். 2017இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது சும்மா இல்லை.

ஆனால் கார்ட்ரிட்ஜ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதில் ஊற்றத் தண்ணீர் வேண்டுமே. செல் கவுண்ட், புரதம், சர்க்கரை, ஏடிஏ (டிபி சந்தேகத்தில் பார்க்கும் ஒரு என்சைம்) என்று எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுத்த பிறகு டிபிக்கு அரை மில்லி வருகிறது. ஐந்து மில்லிக்கு மேல் கொடுத்தால் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் படியும் வண்டலை எடுத்துப் போடலாம். இருக்கிற கிருமியெல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்கும். ரத்தம் கலந்து வந்தாலும் சுற்றித்தான் ஆக வேண்டும். கார்ட்ரிட்ஜுக்குள் கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் வேலையையே ரத்தம் தடுத்துவிடலாம். முதுகில் ஊசி போடும் டாக்டர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இந்தத் தண்ணீரைத்தான்.

அடுத்தது ‘ட்ரேஸ்’ என்ற விடை, அதாவது கிருமியின் சுவடு மிகக் கொஞ்சமாகத் தெரிகிறது என்று பொருள். சளியில் இப்படி வந்தால், முன்பே டிபி வந்து குணமானவரா என்று கேட்க வேண்டியிருக்கும். முதுகுத் தண்ணீரில் அந்த யோசனை வேண்டாம், ட்ரேஸ் என்றாலே டிபி இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அத்தனை குறைந்த அளவில், டிபிக்கான முக்கிய மருந்து ரிஃபாம்பிசின் அந்தக் கிருமியிடம் வேலை செய்யுமா என்பதை இயந்திரத்தால் சொல்ல முடியாது. விடைத்தாளில் அந்த இடத்தில் ‘தீர்மானிக்க முடியவில்லை’ என்று வரும். அதை ‘எதிர்ப்பு இல்லை’ என்று படித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் டிபி இல்லை என்று முடிவுகட்டி மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து.

எனக்கு உள்ள பெரிய குறை, டிபிக்கான இன்னொரு முக்கிய மருந்தான ஐசோனியாசிட் பற்றியது. இந்த கார்ட்ரிட்ஜ் பார்ப்பது ரிஃபாம்பிசின் எதிர்ப்பை மட்டும். நுரையீரலுக்கு அது ஓரளவு சமாளிக்கும். மூளையில் கணக்கே வேறு: ஐசோனியாசிட் மூளை நீருக்குள் நன்றாகப் புகும், ரிஃபாம்பிசின் கொஞ்சம்தான் போகும். அங்கே அதிகம் வேலை செய்யும் மருந்துக்கே எதிர்ப்பு இருந்தால் என்ன ஆகும்? 2014–16இல் இந்தியாவில் நடந்த தேசிய ஆய்வில், புதிதாக நுரையீரல் டிபி வந்தவர்களில் சுமார் 11 விழுக்காட்டினரின் கிருமிக்கு ஐசோனியாசிட் எதிர்ப்பு இருந்தது. ஐசோனியாசிட்டோடு ரிஃபாம்பிசினுக்கும் எதிர்ப்பு இருந்தவர்கள் 3 விழுக்காடுகூட இல்லை. அதாவது ஐசோனியாசிட் எதிர்ப்பில் பெரும்பகுதி இந்த இயந்திரத்தின் கண்ணுக்கே தெரியாது. எக்ஸ்டிஆர் என்று இன்னொரு கார்ட்ரிட்ஜ் ஐசோனியாசிட்டையும் பார்க்கிறது. ஆனால் அதற்கு வேறு மாட்யூல் வேண்டும், கிருமியும் கூடுதலாக வேண்டும். ட்ரேஸ் வந்த தண்ணீரில் அதை நம்பிப் பயனில்லை.

கிருமி எந்த வம்சம் என்பதும் இதில் தெரியாது. படுக்கையில் கிடப்பவருக்கு உடனே தேவைப்படும் தகவல் இல்லை என்பதால் இதை நான் குறையாகச் சேர்க்கவில்லை.

2023இல் ஏழை நாடுகளுக்கான விலை 10 டாலரிலிருந்து 8 டாலர் அளவுக்கு இறங்கியது. இன்னும் இறங்க வேண்டும். இருந்தாலும் இன்றைக்கு மூளை டிபி என்று சந்தேகம் வந்தால், முதல் பரிசோதனையாக அல்ட்ராவைத்தான் போடச் சொல்வேன். வண்டலில் ஒரு பங்கை மட்டும் அன்றைக்கே கல்ச்சர் குழாயில் போட்டுவிடுங்கள். வளர்ந்தால் ஐசோனியாசிட் எதிர்ப்பு இருக்கிறதா என்று அதில் பார்க்கலாம். மூளை டிபிக்குச் சிகிச்சை ஒரு வருடம் போகும். கல்ச்சர் விடை தாமதமாக வந்தாலும் மருந்தை மாற்ற நேரம் இருக்கும்.