உறங்கும் மொட்டுகளை உறையவைக்கும் சேவை: ஒப்படைத்தவனின் மதிப்பீடு

ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய்மரத்தின் பழம் கிடைக்காது. ஆகவே ஓர் இரகத்தைக் காப்பதென்றால் அந்த மரத்தையோ அதன் மொட்டையோதான் காக்க வேண்டும். தோட்டத்து மரங்களை ஒரே பருவத்துத் தீக்கருகல் நோய் அழித்துவிடக்கூடும் என்ற அச்சத்தில், என்னிடமிருந்த இரண்டு பழைய இரகங்களை பயிர் இரகங்களைக் காத்துவைக்கும் ஒரு மரபணு வங்கியின் உறைநிலைச் சேமிப்புக்குக் கொடுத்தேன்.

அவர்கள் வேலை செய்யும் முறையில் குறை காண இடமில்லை. நடுக்குளிர்காலத்தில் வெட்டிய ஓராண்டுக் குச்சிகளை, துண்டுக்கு ஒரு மொட்டு இருக்குமாறு சுமார் 35 மில்லிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, மைனஸ் 5 டிகிரியில் ஈரப்பதம் 30 சதவீத அளவுக்கு இறங்கும்வரை உலர்த்தி, மணிக்கு ஒரு டிகிரி வீதம் மைனஸ் 30 வரை குளிர்வித்து, ஒரு நாள் அப்படியே வைத்திருந்த பிறகே திரவ நைட்ரஜன் ஆவிக்குள் இறக்குகிறார்கள். இந்த நிதானம் வீண் சடங்கன்று. மெல்லக் குளிரும்போது நீர் செல்லைவிட்டு வெளியேறி உறைகிறது, அவசரப்பட்டால் உள்ளேயே பனிப்படிகமாகி மொட்டைக் கொன்றுவிடும். குளிருக்குப் பழகிய மல்பெரிக் கிளைகள் திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான மைனஸ் 196 டிகிரியிலும் பிழைப்பதை ஜப்பானின் அகியோ சகாய் 1960இலேயே காட்டியிருந்தார். அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் சேமிப்பகத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிள் மாதிரிகள் இவ்வழியில் இருக்கின்றன.

என் மனக்குறை வேறு. குச்சியை எப்போது வெட்ட வேண்டும் என்பதற்கு அவர்கள் தந்த குறிப்பில் மாதம் மட்டுமே இருந்தது. அதற்கு முன் சில வாரங்களாவது உறைபனி நீடித்திருக்க வேண்டும் என்ற முக்கியமான செய்தி இல்லை. அந்த ஆண்டுக் குளிர் பிந்தியது. சோதனைக்காக இரகத்துக்குப் பத்தாக வெளியே எடுத்த மொட்டுகளை ஈரமான பீட் பாசியில் இரண்டு வாரம் வைத்து ஒட்டுக்கு வேர் தரும் வேர்ச்செடியில் ஒட்டியபோது, ஓர் இரகத்தில் ஏழு துளிர்த்தன, மற்றதில் இரண்டே. பிழைக்காதவற்றை நகத்தால் கீறிப் பார்த்தேன். பட்டைக்கு அடியில் பச்சை இல்லை, தேநீர்ச் சக்கையின் பழுப்புதான் இருந்தது. குறைந்தது 40 சதவீதம் பிழைத்தால்தான் ஏற்பார்கள் என்பதால் மறு குளிர்காலம்வரை காத்திருந்து அந்த இரண்டாவது இரகத்தை மீண்டும் வெட்டிக் கொடுத்தேன். அம்முறை ஆறு பிழைத்தன.

மா, பலா வைத்திருப்பவர்களுக்கு இச்சேவை உதவாது. குளிர்கால உறக்கம் இல்லாத அம்மரங்களின் மொட்டுகள் இத்தகைய குளிரைத் தாங்கப் பழகுவதே இல்லை. ஆப்பிள் வளர்ப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம். வெட்டும் நாளை மட்டும் நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல் வெப்பமானியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.