கொச்சி வாட்டர் மெட்ரோ: முழங்கால் வலிக்காரர்களோடு போகிறவர்களுக்கு

கொச்சிக்கு முதல் தடவை, அதுவும் ஒரே ஒரு பகல்தான் கையில் என்றால், எதைப் பார்ப்பது என்பதற்கு முன்னால் எப்படித் தண்ணீரைத் தாண்டுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ரயில் நம்மை இறக்கிவிடுவது எர்ணாகுளத்தில். சீன மீன்பிடி வலை, டச்சு அரண்மனை என்கிற மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் தெரு எல்லாம் காயலுக்கு அந்தப் பக்கம், ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும். டாக்சி பிடித்துப் பாலம் வழியாகவும் போகலாம். ஆனால் கப்பலும் கிரேனும் கண்ணில் படாமலே ஒரு துறைமுகத்துக்குப் போய்வந்த கதையாகிவிடும்.

கோவையிலிருந்து மாமியாரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அவருக்கு மூட்டுத் தேய்மானம். படகு என்றதுமே முகம் மாறிவிட்டது. ஆட்டோ பிடித்து ஹைகோர்ட் ஜெட்டிக்குப் போய் இறங்கினோம். ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ, அதாவது மெட்ரோ ரயில் பாணியில் ஓடுகிற படகு, புறப்படும் துறை அதுதான். சீட்டு ஆளுக்கு 40 ரூபாய். மெட்ரோ ரயில் நிலையம் மாதிரியே தானியங்கிக் கதவு, அதைத் தாண்டினால் மிதவை மேடை. இந்த மேடைக்காகவே இதை எழுதுகிறேன். காயல் நீர் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் கூடவே ஏறி இறங்குகிறது. அதனால் படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. "அத்தை, கையைப் பிடிச்சுக்கங்க" என்றேன். "நீ முன்னால போ கண்ணு, நான் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, வாசற்படி தாண்டுகிற மாதிரி உள்ளே போய் ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டார். சக்கர நாற்காலியும் அப்படியே உருண்டு உள்ளே போகும்.

2023 ஏப்ரலில் தொடங்கிய சேவை இது. ஃபோர்ட் கொச்சிக்கு அடுத்த வருஷம்தான் நீட்டினார்கள். கொச்சி கப்பல் கட்டும் தளத்திலேயே செய்த பேட்டரி படகுகள். டீசல் வாடை இல்லை, சத்தமும் ரொம்பக் குறைவு. பயணம் இருபது நிமிஷம்தான். வலது பக்கம் இடம் கிடைத்தால் விடாதீர்கள். முதலில் 1744இல் டச்சுக்காரர்கள் கட்டிய போல்காட்டி மாளிகை, அப்புறம் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் ராட்சத கிரேன்கள் வரும். இடது பக்கம் இருப்பது வெலிங்டன் தீவு. துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டியே உண்டாக்கியது. மாமியார் நம்பவில்லை. "இத்தனை பெரிசா?" என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்குப் பிடிக்காதது ஏசி. கண்ணாடி மூடியே இருக்கிறது. உப்புக் காற்று முகத்தில் அடிக்காத படகுப் பயணம் என்ன பயணம்? அதற்கு மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் பழைய படகு இருக்கிறது. எர்ணாகுளம் மெயின் ஜெட்டியிலிருந்து ஓடுகிறது, கட்டணம் பத்து ரூபாய்க்குள். திறந்த ஜன்னல், வேலைக்குப் போகிற சனம், எஞ்சின் தடதடப்பு. ஏறும்போது கொஞ்சம் எட்டிக் கால் வைக்க வேண்டும், அவ்வளவுதான். கால் நன்றாக இருப்பவர்கள் போகும்போது வாட்டர் மெட்ரோ, திரும்பும்போது இது என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.

ஃபோர்ட் கொச்சியில் இறங்கினால் சீன வலைகள் நடக்கிற தூரம். கல்லைக் கயிற்றில் கட்டி எடை சமன் செய்து, நாலைந்து பேர் சேர்ந்து இழுக்கிறார்கள். புனித பிரான்சிஸ் தேவாலயமும் பக்கத்தில்தான். 1524இல் வாஸ்கோடகாமாவை அங்கேதான் புதைத்தார்கள். எலும்புகளைப் பிற்பாடு லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு அந்தக் கல்லறையைவிட, தலைக்கு மேலே தொங்கும் கையால் இழுக்கிற பழைய துணி விசிறிகள்தான் பிடித்தன. வெளியே வந்தால் ஆட்டோக்காரர்கள் எல்லா இடத்தையும் மலிவாகச் சுற்றிக்காட்டுவதாகக் கூப்பிடுவார்கள். நாங்கள் ஏறிய வண்டி நடுவில் இரண்டு கடைகளில் நின்றது. கமிஷன். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கிழமை பார்த்துப் போங்கள். வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனைக்கு விடுமுறை. யூத தேவாலயம் சனிக்கிழமை பூட்டியிருக்கும், வெள்ளியையும் நம்ப முடியாது. ஞாயிறு எல்லாம் திறந்திருக்கும், ஆனால் படகுக்குக் கூட்டம். நூறு பேருக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்ற மாட்டார்கள். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மாலை ரயிலுக்கு டிக்கெட் போட்டிருப்பவருக்குப் பிடிக்காது. ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய், புதன்தான் என் சிபாரிசு. 2025இல் மட்டாஞ்சேரியிலும் வாட்டர் மெட்ரோ முனையம் திறந்துவிட்டார்கள். அரண்மனை மட்டும் போதும் என்கிறவர்கள் நேரே அங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒன்று. வைற்றிலா பஸ் நிலையத்தை ஒட்டியும் ஒரு வாட்டர் மெட்ரோ முனையம் உண்டு. அங்கே புறப்படும் படகு காக்கநாட்டுக்குப் போகிறது, ஐடி கம்பெனிகள் இருக்கிற பக்கம். ஃபோர்ட் கொச்சி வேண்டுமானால் அங்கிருந்து மெட்ரோ ரயில், அப்புறம் ஆட்டோ பிடித்து ஹைகோர்ட் ஜெட்டிக்குத்தான் வர வேண்டும்.