வாடகைக்கு இருந்த கட்டடத்திலேயே வீடு வாங்கிய பிறகு

ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் பல வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, அங்கேயே மேல்தளம் ஒன்றில் ஒரு வீட்டை வாங்கினேன். தண்ணீர், லிஃப்ட், அக்கம்பக்கம் எல்லாம் அதேதான். ஆனால் எதில் திருப்தி, எதில் எரிச்சல் என்பது அடியோடு மாறிவிட்டது.

வாடகைக்கு இருந்தபோது என் அக்கறை வாசற்கதவோடு முடிந்தது. குழாய் ஒழுகினால் வீட்டுக்காரருக்கு ஒரு போன், அவ்வளவுதான். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் வாடகையை ஏற்றுவாரோ, காலி செய்யச் சொல்வாரோ என்று மட்டும் வயிற்றைக் கலக்கும். சொந்த வீட்டில் அந்தப் பயம் இல்லை, இஷ்டம்போல ஆணி அடிக்கலாம். கூடவே மொட்டைமாடி, லிஃப்ட் மோட்டார், கழிவுநீர்க் குழாய் எல்லாம் என் தலையில் ஏறிக்கொண்டன.

குளியலறைக் கூரையில் ஈரம் தெரிந்தபோதுதான் இது முழுதாக உறைத்தது. கறை என் வீட்டில், காரணம் மேல்வீட்டுத் தரையில். அங்கே வடிகாலை அடைத்து, தரையில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்தோம். கசிவு அதிகமானது. டைல்ஸ் இடுக்கும், குழாய் தரையைத் துளைத்துப் போகும் இடமும்தான் வழக்கமான குற்றவாளிகள். கீழே என்ன பூசினாலும் தற்காலிகம்தான், மேலே உடைத்து நீர்க்காப்புச் செய்ய வேண்டும். மேல்வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பது தனிக் கதை.

சத்தமும் அப்படியே. கான்கிரீட் தளம் பேச்சுச் சத்தத்தை ஓரளவு தடுத்துவிடும். நாற்காலி இழுப்பது, குழந்தைகள் குதிப்பது எல்லாம் தளத்தையே அதிரவைத்து இறங்கும். நாற்காலிக் கால்களில் ரப்பர் மாட்டச் சொல்லி மேல்வீட்டுக்குக் கொடுத்ததுதான் நான் செய்ததிலேயே மலிவான, பலனுள்ள வேலை.

வீட்டு உரிமையாளர்களின் சங்கக் கூட்டம்தான் பெரிய விஷயம். அங்கே வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியே இருப்பவர்கள் பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றவே விடுவதில்லை. தினமும் லிஃப்டில் போய்வரும் வாடகைக்காரர்களுக்கோ ஓட்டு இல்லை. கட்டடத்தில் எது எப்போது பழுதாகும் என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்களையும் உட்காரவைத்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

வாங்க நினைப்பவர்கள் சமையலறை அலமாரியை அப்புறம் பார்க்கலாம். முதலில் சங்கத்தின் வரவு செலவைக் கேளுங்கள். பெரிய பழுதுகளுக்கென்று தனியாகச் சேமிப்பு இருக்கிறதா, மொட்டைமாடிக்குக் கடைசியாக எப்போது நீர்க்காப்புச் செய்தார்கள், கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? அதோடு, அங்கே வாடகைக்கு இருக்கும் ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். விற்கிறவர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.