வீடியோவ வெட்டணும் ஒட்டணும், குவாலிட்டி போகக்கூடாது: லாஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ், எம்கேவிடூல்நிக்ஸ் ரொம்ப நாளா யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

எங்களுக்கு என்ன வேலைன்னு மொதல்ல சொல்லிடறேன், அத வெச்சுத்தான் எந்த சாஃப்ட்வேர்னு முடிவு பண்ணனும். சேலத்துல ஆடி வந்தா குகைல வண்டி வேடிக்கை, மே மாசம் ஏற்காட்டுல கோடை விழா, நடுவுல சுத்துப்பட்டு ஊருங்கள்ல விடிய விடிய தெருக்கூத்து, இதெல்லாம் நானும் ஃப்ரெண்டு ஒருத்தனும் போயி ஷூட் பண்ணி வெச்சுக்கறோம். கூத்துன்னா ராத்திரி சாப்பாட்டுக்கு மேல கட்டியக்காரன் வந்து ஆரம்பிச்சா விடியறப்பதான் முடியும், கேமரா ஸ்டாண்டுல அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். இதுல டைட்டில், எஃபெக்ட்டு, கலர் மாத்தறது எதுவும் கெடையாது. மைக் செட்காரர் ஒயர் மாத்துன நேரம், நன்கொடை லிஸ்ட் படிச்ச நேரம், இத வெட்டி எடுக்கணும், துண்டு துண்டா வந்த ஃபைல ஒட்டணும், அவ்ளோதாங்க.

இந்த வேலைக்கு பெரிய எடிட்டர்ல போயி உக்காந்தா ராத்திரி பூரா எடுத்தத மறுபடி ராத்திரி பூரா ரெண்டர் பண்ணிட்டு இருக்கும், லேப்டாப் ஃபேன் சத்தம் வேற தனி. அது கூட பரவால்ல. ட்யூப்லைட் வெளிச்சத்துல எடுத்த வீடியோ ஏற்கனவே இருட்டு, அத திரும்ப என்கோட் பண்ணா, அதாவது மறுபடி சுருக்கி எழுதுனா, பின்னாடி இருட்டு பூரா கட்டம் கட்டமா தெரிய ஆரம்பிச்சிடும், கிரீடத்துலயும் புஜக்கட்டைலயும் இருக்கற கண்ணாடி சில்லு மினுக்கறது எல்லாம் மழுங்கிப் போயிடும். அதனால நாங்க தேடுனது ஒண்ணே ஒண்ணுதான், உள்ள இருக்கற டேட்டாவ தொடாம அப்படியே காப்பி பண்ணி வெட்டித் தர்ற சாஃப்ட்வேர்.

அப்படி வெட்டறதுல ஒரு சங்கதி இருக்கு, இது புரியாமத்தான் நெறைய பேரு "இந்த சாஃப்ட்வேர் சரியில்ல, நான் சொன்ன எடத்துல வெட்டல"ன்னு திட்டறாங்க. ஹெச்.264, ஹெச்.265ங்கற முறைல சுருக்குன வீடியோவுல எல்லா ஃப்ரேமும் முழுப் படமா இருக்காது. எப்பவாவது ஒண்ணுதான் முழுப் படம், அதுக்குப் பேரு கீஃப்ரேம், நடுவுல வர்றது எல்லாம் முன்ன பின்ன இருக்கற படத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்ங்கற கணக்குதான். பூச்சரத்த முடிச்சு பாத்து நறுக்கலன்னா உதுந்துடும்ல, அதே கததான் இதுவும், ஆரம்பம் கீஃப்ரேம்ல இருந்தாத்தான் படம் ஒழுங்கா வரும். கேம்கார்டர்ல அரை செகண்டுக்கு ஒண்ணு, போன்ல பெரும்பாலும் ஒரு செகண்டுக்கு ஒண்ணு கீஃப்ரேம் விழும், அதனால நமக்கு பிரச்சன இல்ல. கம்ப்யூட்டர்ல எக்ஸ்264ங்கற என்கோடர் வெச்சு செஞ்ச ஃபைல்னா டீஃபால்ட்டா 250 ஃப்ரேம் வரைக்கும் கீஃப்ரேமே இல்லாம போகலாம், 25 ஃப்ரேம் வீடியோவுல அது பத்து செகண்டு. அந்த மாதிரி ஃபைல நறுக்குனு வெட்டணும்னா எந்த லாஸ்லெஸ் சாஃப்ட்வேராலயும் நேரடியா முடியாது.

இப்ப தெனசரி கையில இருக்கறது லாஸ்லெஸ்கட். ஓப்பன் சோர்ஸ், கிட்ஹப்ல ஃப்ரீ, விண்டோஸ் மேக் ஸ்டோர் வழியா வாங்குனா மட்டும் காசு. உள்ள ஓடறது எஃப்எஃப்எம்பெக்ங்கற கமாண்ட் டூல்தான், அதுக்கு மேல ஒரு நல்ல மூஞ்சி வெச்சிருக்காங்க, அவ்ளோதான். ப்ளே பண்ணிட்டே ஐ அமுக்குனா ஆரம்பம், ஓ அமுக்குனா முடிவு, இப்படியே வேணுங்கற துண்டெல்லாம் குறிச்சுட்டு எக்ஸ்போர்ட் குடுத்தா ஹார்ட் டிஸ்க் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்துல வெளிய வந்துரும், தனித்தனியாவும் வாங்கிக்கலாம் ஒண்ணா சேத்தும் வாங்கிக்கலாம். குறிச்சு வெச்சதெல்லாம் ப்ராஜெக்டா சேவ் ஆகும், கூத்து மாதிரி நீள வீடியோவுக்கு இது பெரிய உபகாரம், பாதில கரண்ட் போனாலும் மறுநாள் விட்ட எடத்துல இருந்து தொடரலாம். கீஃப்ரேம் கட், நார்மல் கட்னு ரெண்டு மோடு இருக்குது. நான் கீஃப்ரேம் கட்லயே வெச்சிருக்கேன், கேட்ட எடத்துக்கு கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிக்கும், ஆனா படம் உறையாது. ஸ்மார்ட் கட்னு ஒண்ணு இருக்கு, வெட்டுற எடத்துல இருந்து அடுத்த கீஃப்ரேம் வரைக்கும் மட்டும் என்கோட் பண்ணி மீதிய காப்பி பண்றது, ஐடியா அருமை, ஆனா அவங்களே எக்ஸ்பெரிமெண்டல்னு போட்டிருக்காங்க, நானும் முக்கியமான ஃபைலுக்கு அத நம்பறதில்ல. கொற சொல்லணும்னா எலக்ட்ரான்ல, அதாவது பிரவுசரையே உள்ள வெச்சு ஓடற முறைல, செஞ்சது, பழைய லேப்டாப்புல தெறக்கறதுக்குள்ள ஒரு தட்டுவடை செட் தின்னு முடிச்சிரலாம்.

அவிடெமக்ஸ் எடம் வேற. எடை கம்மி, பழைய மெஷின்ல கூட பறக்கும். வீடியோ அவுட்புட், ஆடியோ அவுட்புட் ரெண்டையும் காப்பில வெச்சுட்டு, மேல் கீழ் ஆரோ அமுக்குனா கீஃப்ரேமுக்கு கீஃப்ரேம் தாவும், கீழ இப்ப நிக்கற ஃப்ரேம் என்ன டைப்னு ஐ (I), பி (P) எழுத்துல காட்டும், ஐ தான் கீஃப்ரேம், ஆரம்பத்துல ஏ (A) முடிவுல பி (B) மார்க் போட்டு டெலீட். நடுவுல ஒரு சின்ன பகுதிய தூக்கி எறியணும்னா இது எனக்கு லாஸ்லெஸ்கட்ட விட சுளுவா இருக்குது, ஏன்னா அதுல சாதாரணமா வேணுங்கறத குறிக்கணும், இதுல வேண்டாததக் குறிச்சா போதும். ஆனா பாக்கறதுக்கு இருவது வருசம் பழைய சாஃப்ட்வேர் மாதிரி இருக்கும், புதுசா கத்துக்கறவங்களுக்கு நான் இத குடுக்கறதில்ல.

ஒட்டற கதைக்கு வருவோம், இங்கதான் சிக்கலே. நம்ம கேம்கார்டர் ஏவிசிஹெச்டிங்கற ஃபார்மட்ல, எம்டிஎஸ் ஃபைலா எழுதும், நிறுத்தாம ஓடுனாலும் சுமார் 2 ஜிபிக்கு ஒரு தடவ புது ஃபைலுக்கு தாவிக்கும். ஒரு தடவ ஒட்டி முடிச்ச வீடியோவ கூத்து வாத்தியார்கிட்ட காட்டுனோம், அவரு கண்ண மூடிக் கேட்டுட்டே இருந்தவரு, "தம்பி, இங்க மத்தளம் ஒரு அடி முழுங்கிருச்சு பாரு"ன்னாரு. எங்க காதுக்கு பிடிபடவே இல்ல. ஹெட்செட் போட்டு கேட்டா ஃபைல் மாறுற ஜாயிண்டுல சின்னதா ஒரு ஓட்டை. கேமரா ஃபைல மாத்தறப்ப சத்தத்தோட ஒரு துணுக்கு பாதி இந்த ஃபைல் கடைசிலயும் பாதி அடுத்த ஃபைல் ஆரம்பத்துலயும் போயிடுது, ஒவ்வொண்ணையும் தனித்தனியா தெறந்து ஒட்டுற சாஃப்ட்வேர் அந்த ரெண்டு பாதியையும் ஒடஞ்சதுன்னு தூக்கிப் போட்டுருது. மருந்து ரொம்ப சிம்பிள்: கமாண்ட் ப்ராம்ப்ட்ல காப்பி கமாண்டுக்குப் பின்னாடி ஸ்லாஷ் பி போட்டு, ஃபைல் பேருக்கு நடுவுல ப்ளஸ் குறி போட்டு, ஒரே பெரிய எம்டிஎஸ்ஸா பச்சையா சேத்துட்டு அப்புறம் வெட்டுங்க, ஓட்டையே இருக்காது. இந்த வித்த எம்டிஎஸ், டிஎஸ் ஃபைலுக்கு மட்டும்தான், எம்பி4ல செஞ்சா மொத ஃபைல் மட்டும்தான் ஓடும். சேத்தத எம்கேவிடூல்நிக்ஸ்ல போட்டு எம்கேவிங்கற ஃபைல் வகையா மாத்தி வெச்சுக்குவோம், டைம் தெரிஞ்சா அதுலயே டைப் அடிச்சு வெட்டவும் செய்யலாம், என்ன, வீடியோ ஓட்டிக் காட்டாது.

போன்ல எடுத்ததையும் கேமராவுல எடுத்ததையும் ஒட்டிக் குடுங்கன்னு கேக்கறவங்களுக்கு: காப்பி முறைல ஆகாதுங்க. கோடெக் (சுருக்கற முறை), சைஸு, ஃப்ரேம் ரேட்டு, ஆடியோ சாம்பிள் ரேட்டு எல்லாம் ஒண்ணா இருந்தாத்தான் ஒட்டும், ஒரு போன் ஹெச்.265லயும் இன்னொண்ணு ஹெச்.264லயும் எடுத்தா ஜாயிண்டுக்கு அப்புறம் படம் பச்சையா போகும் இல்லன்னா அப்படியே நின்னுரும். ஒரே போன்ல கூட நட்டுக்கு வெச்சு எடுத்ததையும் படுக்க வெச்சு எடுத்ததையும் சேத்தா ரெண்டாவது தலை சாஞ்சுதான் வரும், ஏன்னா திருப்பற கணக்கு ஃபைல் மேல எழுதிருக்கு, படத்துக்குள்ள இல்ல. போன தடவ வண்டி வேடிக்கைக்கு போறப்ப எல்லார் போன்லயும் செட்டிங்ஸ் பாத்து ஒரே மாதிரி வெச்சுட்டுத்தான் கெளம்புனோம், வந்து ஒட்டறது ரெண்டு நிமிசத்துல முடிஞ்சுது.

லாஸ்லெஸ்னு பேரு வெச்சுக்கிட்டு பின்னாடி என்கோட் பண்ற காசு சாஃப்ட்வேரும் இருக்கு, பேரு வேணாம். கண்டுபிடிக்க ஃபைல் விவரம் காட்டற மீடியாஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல மூலத்தோட பிட்ரேட்டையும் (செகண்டுக்கு எவ்வளவு டேட்டாங்கற கணக்கு) வெட்டுனதோட பிட்ரேட்டையும் பக்கத்துல வெச்சு பாருங்க, கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். ஒரு மணி நேர வீடியோவுக்கு பத்து இருவது நிமிசம் பர்சண்டேஜ் ஓடுச்சுன்னா அது காப்பி பண்ணல. வெட்டுனத வாட்ஸ்அப்ல சாதா வீடியோவா அனுப்புனா அது ஒரு தடவ நசுக்கிரும், டாக்குமெண்டா அனுப்புங்க, 2 ஜிபி வரைக்கும் போகும். எங்க வாத்தியாருக்கு மட்டும் பென்டிரைவ், அவரு வீட்டு டிவி எம்கேவி எடுக்காது, அதுக்குன்னு தனியா எம்பி4ல ஒண்ணு போட்டுக் குடுக்கறோம், அதுவும் எஃப்ஏடி32ங்கற பழைய முறைல ஃபார்மட் பண்ண பென்டிரைவ்னா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா ஏறாது, ஒட்டுனதையே மறுபடி வெட்டித்தான் ஏத்தறோம்.