நெல் ஆலைக் கணினிக்கு எந்தப் பூட்டு?

இலங்கையின் வடக்கே, பரந்தனில் ஒரு நெல் ஆலைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், மாங்குளத்தில் ஒரு உரக்கடையில் அதே மென்பொருள் ஓடுகிறது. பென்ட்ரைவில் போயிருக்கிறது. தலைப்பை மாற்றத் தெரியாமல் கடைக்காரர் ஆலையின் பெயரிலேயே பில் அடித்துக்கொண்டிருந்தார்.

மென்பொருளைக் களவாகக் காப்பி எடுக்காமல் இருக்க நான் போட்டிருந்த பூட்டு வெறும் சீரியல் இலக்கம். அது எவ்வளவு பலவீனம் என்பதற்கு விண்டோஸ் 95ஐப் பாருங்கள். அதன் கடைப் பதிப்புச் சாவியில் கடைசி ஏழு இலக்கங்களின் கூட்டுத்தொகை 7ஆல் வகுபட்டால் கிட்டத்தட்டப் போதும். 111-1111111 என்று அடித்தாலே திறந்தது. சோதனையை எவ்வளவு கடினமாக்கினாலும், ஒரே இலக்கத்தை இரண்டு பேர் போடுவதை அது தடுக்காது.

டொங்கிள் பலமானது. யூ.எஸ்.பி.யில் செருகும் சின்னச் சாவி. மென்பொருள் கேட்கும் கேள்விக்கு, உள்ளே இருக்கும் ரகசிய எண்ணை வெளியே விடாமல் தானே கணித்துப் பதில் சொல்லும். (அந்தக் கேள்வியையே மென்பொருளிலிருந்து வெட்டி எறியும் கில்லாடிகளும் உண்டு.) ஆனால் காலபோக அறுவடையில், நெல் லொறிகள் வாசலில் வரிசையாக நிற்கும்போது, "தம்பி, சாவியைக் காணேல்லை" என்று ஆலையிலிருந்து அழைப்பு வந்தால்? திருடியவர் அல்ல, காசு கட்டியவர்தான் அங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

இணையத்தில் கம்பனியின் சேர்வரைக் கேட்டுத் திறக்கும் பூட்டும் அப்படித்தான். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி கணினியின் பாகங்களோடு உரிமத்தைக் கட்டியது. 2013இல் அடோபி சந்தா முறைக்கே மாறியது. பெரிய கம்பனிகளுக்குச் சரி. 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் கரண்ட் நின்றபோது எங்கள் பக்கம் டவரும் படுத்துவிட்டது. லாப்டாப்பில் பற்றரி இருந்தும், சேர்வரைக் கேட்காமல் திறக்காத மென்பொருளால் என்ன பயன்?

இப்போது நான் வைத்திருப்பது கையொப்பமிட்ட உரிமக் கோப்பு. மென்பொருள் அந்தக் கணினியின் டிஸ்க், மதர்போர்ட் இலக்கங்களிலிருந்து ஒரு குறியீட்டைக் காட்டும். அதை வட்ஸ்அப்பில் அனுப்பினால், என்னிடம் மட்டும் இருக்கும் தனிச்சாவியால், அதாவது ஒரு ரகசிய எண்ணால், டிஜிட்டல் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவேன். மென்பொருளுக்குள் இருப்பது அதன் ஜோடியான பொதுச்சாவி. அதனால் கையொப்பத்தைச் சரிபார்க்கலாம், புதிதாகப் போட முடியாது. ஒருமுறை ஏற்றினால் அப்புறம் இணையமே தேவையில்லை. டிஸ்க் பழுதானால் புதுக் கோப்புக் கொடுக்க வேண்டும், அது ஒரு வேலைதான். கெட்டிக்காரன் இதையும் உடைப்பான். ஆனால் பென்ட்ரைவ் பயணம் நின்றுவிட்டது.

சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. வழக்குச் செலவுக்கு நான் இன்னும் நாலு மென்பொருள் விற்க வேண்டும்.

அதற்குள் உரக்கடைக்காரரே வந்துவிட்டார்.

"தம்பி, பில்லில பேரை மாத்தித் தரேலுமோ?"

"ஏலும் அண்ணை. முதல்ல லைசென்ஸ் காசைக் கட்டுங்கோ."